பத்துப் பவுண்டு காற்று

தொடர்ந்து மூன்றாவது திங்கட்கிழமையும் கோல்கீப்பர் வீங்கிய விரலோடு முதலுதவி அறை வாசலில் வந்து நின்றபோதுதான் சிஸ்டருக்குப் பொறி தட்டியது.

அந்த ஓட்டுத் தொழிற்சாலையில் அவனுக்குச் சூளைக் கதவைத் திறந்து மூடும் வேலை. அதனால் எல்லோருக்கும் அவன் ‘கதவு’தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இரண்டு கோல் விழுந்துவிட்டால், ‘கதவு திறந்தே கிடந்துச்சு’ என்று வாரம் முழுக்கக் கிண்டல் ஓடும்.

“சூளைக் கதவுல நசுங்கிடுச்சா?”

“இல்ல சிஸ்டர். பந்துதான்.”

“போன வாரமும் பந்துதான்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்.”

“போன வாரம் இடது கை சிஸ்டர்.”

பேச்சு முடிவதற்குள் லோடு வண்டி ஓட்டுகிறவன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன்தான் அணிக்குக் கேப்டன். நேற்று தலையால் முட்டியதில் இன்னும் தலை விண்விண்ணென்று தெறிக்கிறதாம். நெற்றியில் பந்தின் தையல் கோடு செக்கச்செவேலென்று பதிந்திருந்தது. சிஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க விளையாடுறது பந்துலயா, பாறாங்கல்லுலயா?”

சிஸ்டர் இந்த அறைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவள். டாக்டர் கை நீட்டுவதற்கு முன்பே எந்தக் கத்தரி வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தவள். மேல்தோலைத் தைப்பதைப் பெரிய டாக்டர் அவளிடமே விட்டுவிடுவார். பெரிய டாக்டர் காலமானதும் பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே மெத்தை, சோபா விற்கிறார்கள். நாற்பத்தொன்பது வயதில் புது மருத்துவமனைகள் அவளைக் கூப்பிடவில்லை. தொழிற்சாலை கூப்பிட்டது. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேசை, மேலே ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறிக்காகவே வருகிறவர்கள் உண்டு. சூளைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் தலைவலி என்று வந்து உட்கார்ந்து, சட்டை காய்ந்ததும் தலைவலி போய்விட்டது என்று எழுந்து போவார்கள்.

“சும்மா உட்கார வச்சு சம்பளம் தர்றாங்க. யாருக்குக்கா கிடைக்கும்?” என்பாள் தங்கை. அக்காவும் தங்கையும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். தங்கைக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. அவள் சொல்வது நியாயம்தான் என்று சிஸ்டருக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் கிளம்பும்போது பீரோவில் இருக்கிற பஞ்சையும் பிளாஸ்திரியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவாள். தியேட்டரில் தையல் போடுவதற்கு முன் எண்ணிய பழக்கம். இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கை கேட்டது.

அன்று ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் சிஸ்டர் பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல் பின்பக்கம் நடந்தாள். லாரிகள் திரும்புகிற மண் தரைதான் மைதானம். உடைந்த ஓடுகளை அடுக்கி இரண்டு பக்கமும் கோல் வைத்திருந்தார்கள். பயிற்சிக்காகக் கேப்டன் அப்போதுதான் காற்றடித்து வாங்கி வந்திருந்த பந்தைக் கையில் எடுத்தாள். விரலால் அழுத்தினாள். பந்து கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கவில்லை, விரல் நகம்தான் வலித்தது. பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்றடிக்கும் துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு பவுண்டு வரை என்று போட்டிருந்தது.

“இதுக்கு யார் காத்து அடிக்கிறது?”

“ஸ்டோர்க்காரர்” என்றான் கேப்டன், குரலைத் தாழ்த்தி.

ஸ்டோர்க்காரர் கனத்த உடம்பு, சிவந்த முகம். அந்த ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. விளையாட்டுச் சாமான்களும் அவர் பொறுப்புதான். ஓட்டு அச்சுகளைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் பெரிய கம்ப்ரசரில் ஒரு ஊசியைச் சொருகி, பந்துக்கும் அதிலேயே காற்றடித்துக் கொடுப்பார்.

“எத்தனை பவுண்டு அடிக்கிறீங்க சார்?” என்று ஸ்டோர் வாசலில் போய் நின்று சிஸ்டர் கேட்டாள்.

அவர் தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “இதுதான் கணக்கு. அமுக்கினா அமுங்கக் கூடாது.”

“பந்துலயே எழுதியிருக்கே, பன்னிரண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு.”

“எழுதினவன் வந்து அடிக்கட்டும். நீங்க உங்க மாத்திரையைப் பாருங்க சிஸ்டர், நான் என் ஸ்டோரைப் பார்க்கிறேன்.”

சிஸ்டர் கிளம்பினாள். வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் கடையில் இறங்கி, சின்னதாக ஒரு காற்று அளக்கும் கேஜும் ஒரு கைப்பம்பும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தொழிற்சாலைக்கு வந்ததைப் பார்த்து வாட்ச்மேனே எழுந்து நின்றுவிட்டார். ஆட்டம் தொடங்குமுன் கேஜை வைத்துப் பார்த்தாள். முள் இருபதைத் தாண்டி நின்றது. கேப்டனுக்குக் காட்டிவிட்டு, காற்றை இறக்கிப் பத்தில் நிறுத்தினாள். முதல் பாதி ஆட்டம் பிரமாதமாக இருந்தது. பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. கதவு நான்கு பந்தைப் பிடித்துவிட்டு விரலை மடக்கி விரித்துச் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாம் பாதியில் பந்து தொய்ந்தது. கடைசிப் பத்து நிமிடம் உதைத்தால் தொப்பென்று விழுந்து அங்கேயே கிடந்தது. மூன்று கோலில் தோற்றார்கள்.

மறுநாள் காலையில் ஸ்டோர்க்காரர் தானே முதலுதவி அறைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

“என்ன சிஸ்டர், உங்க பத்துப் பவுண்டு பாதி ஆட்டத்துக்குக்கூடத் தாங்கலையாமே. கசியுற பந்து அது. அதனாலதான் நான் ரெண்டு பங்கா அடிச்சு விடுறேன். இருபதுல ஆரம்பிச்சா, முடியிறப்போ எட்டாச்சும் மிச்சம் இருக்கும். எனக்குத் தெரியாம இல்ல.”

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. இந்த மனிதர் மூர்க்கத்தனமாகச் செய்யவில்லை, அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறார் என்று தோன்றியது. ரத்தம் போகிறது என்றால் ஏற்றிக்கொண்டே இருப்பது ஒரு வழி. எங்கே போகிறது என்று பார்த்து அடைப்பது இன்னொரு வழி.

“அப்போ கசிவைத்தான் சார் பார்க்கணும். பந்தைக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.”

“கம்பெனிச் சாமான் கேட்டைத் தாண்டாது” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கிளம்பும்போது கழுத்தின் பின்பக்கத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டதைச் சிஸ்டர் பார்த்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு இறங்கினார்.

அவள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். வாரத்துக்கு இரண்டு தடவை, ‘ஸ்டோருக்குத் தலைவலி மாத்திரை’ என்று உதவியாள் வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தான். யாருக்கு என்று அவள் கேட்டதே இல்லை. கேட்காமல் விட்டதை நினைத்தபோது அவளுக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது. தியேட்டரில் இருந்த சிஸ்டர் கேட்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். பந்துகள் எல்லாம் சூளையை ஒட்டிய சுவரில், ஒரு பலகைமேல் வரிசையாக இருந்தன. சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு மூலையில் வீணாய்ப்போன பந்துகள் ஒரு சாக்கு நிறைய.

“சார், ஒரு விஷயமா வந்திருக்கேன். பந்துக்குக் கேட் பாஸ் எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னாடி உங்க கையைக் குடுங்க.”

“பந்தைக் கேட்டா பத்தாதா, கையையும் கேட்கிறீங்களே. எனக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எல்லாம் இருக்கு.”

உதவியாள் சிரித்துவிட்டான். சிஸ்டரும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் சட்டைக் கையை மடக்கிவிட்டார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து. சிஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தாள். பெரிய மாற்றம் இல்லை.

“என்ன, என் பந்து மாதிரி பாறாங்கல்லா?” என்று கேட்டார் அவர்.

“உங்க கட்டைவிரல் கணக்குல சொன்னா, அமுக்கினா அமுங்காது. நாளைக்குப் புதன்கிழமை, பதினொரு மணிக்குக் கம்பெனி டாக்டர் வர்ற நாள். நீங்க பார்த்தே ஆகணும். அதுக்குள்ள நெஞ்சுல வலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல்னு ஏதாவது வந்தா உடனே ஆஸ்பத்திரி. வீட்டுல அம்மாகிட்ட நானே போன்ல சொல்லிடுறேன்.”

அம்மா என்று அவள் சொன்னது அவர் மனைவியை. ஸ்டோர்க்காரருக்கு அதுதான் உறைத்தது. “அவகிட்டச் சொல்லிடாதீங்க” என்றார் அவசரமாக. பிறகு வீம்பு தலைதூக்கியது. “டாக்டர், மாத்திரை எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல சிஸ்டர். இருபது வருஷமா இப்படித்தான் இருக்கேன். சரி, இப்படிச் செய்வோம். இந்தப் பந்தைக் கொண்டுபோங்க. நாளைக்குக் காலையில அதே பத்துல அது நின்னுச்சுன்னா, நான் டாக்டர்கிட்ட வர்றேன்.”

“நிக்கலைன்னாலும் வருவீங்க. நிக்கலைன்னா அம்மாவும் கூட வருவாங்க” என்றாள் சிஸ்டர். கேட் பாஸில் அவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று தபால் அலுவலகத்திலிருந்து வந்த தங்கை குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

“அக்கா, முகம் கழுவலாம்னு போனா வாளியில பந்து மிதக்குது.”

“மிதக்கக் கூடாது, முங்கணும். வந்து அமுக்கிப் பிடி.”

பந்தைத் தண்ணீருக்குள் அழுத்தியதும் முதலில் துளையில் குமிழி வந்தது. சிஸ்டர் எதிர்பார்த்ததுதான். வருடக்கணக்காகக் காய்ந்த ஊசியை அப்படியே சொருகி, துளையின் ரப்பர் உதடு சிராய்ந்து போயிருந்தது. சுவர்ச் சூட்டில் அது வறண்டும் போயிருந்தது. முதலுதவி அறைப் பீரோவிலிருந்து கொண்டுவந்த கிளிசரினை இரண்டு சொட்டு விட்டு, ஊசியையும் அதில் நனைத்து மெதுவாக உள்ளே விட்டு எடுத்தாள். சற்று நேரம் கழித்து மறுபடி முக்கினாள். அந்தக் குமிழி நின்றுவிட்டது. ஆனால் தையல் ஓரத்தில் பொடிப்பொடியாக இன்னொரு வரிசை கிளம்பியது.

அதற்கு மேல் பந்தைத் திறப்பதைத் தவிர வழியில்லை. காற்றை முழுக்க இறக்கி, குமிழி வந்த இடத்தில் நான்கு விரல் அகலத்துக்குத் தையலைப் பிரித்தாள். உள்ளே இருக்கும் ரப்பர் பையை மெல்ல வெளியே இழுத்தாள். அங்கே ஓட்டையைக் காணோம். பைக்குக் கொஞ்சம் காற்றடித்துத் தனியாகத் தண்ணீரில் வைத்தபோதுதான் தெரிந்தது, ஓட்டை ஒரு சாண் தள்ளி இருந்தது. காற்று உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து வந்து, தையலில் வழி கிடைத்த இடத்தில் வெளியே போயிருக்கிறது.

“வலி ஒரு இடம், வியாதி ஒரு இடம்” என்றாள் சிஸ்டர்.

“உனக்கு எதைப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி” என்றாள் தங்கை. ஆனால் அக்காவின் குரலில் இருந்த தெளிவைக் கேட்டு அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டையைச் சுற்றிலும் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பசையைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுப் போட்டாள். பையை உள்ளே தள்ளி, வளைந்த ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்துத் தைக்கத் தொடங்கினாள். இரண்டு வருடமாகத் தைக்காத கை முதல் மூன்று தையலில் தடுமாறியது. நான்காவதில் பழக்கம் திரும்பியது. ஒவ்வொரு தையலும் ஒரே இடைவெளி, ஒரே இறுக்கம். நூலைக் கத்தரித்தபோது தங்கை, “எங்கே தச்சேன்னே தெரியலக்கா” என்றாள்.

காற்றடித்து வாளியில் முக்கினார்கள். குபுகுபுவென்று குமிழி வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

சிஸ்டர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தையலில் ஊசி பையையும் குத்தியிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்று அவள் கையால் நடந்ததில்லை. ஈரக்கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா?”

“குத்திட்டேன்.”

தங்கை எழுந்து போனாள். அடுக்களையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய கரண்டி. “இதை உள்ளே விட்டு மறைச்சுக்கோ. ஊசி கரண்டியிலதானே படும். தபால் மூட்டை தைக்கிறவங்க அட்டை வச்சுக்குவாங்க, நான் பார்த்திருக்கேன்.”

சிஸ்டர் மறுபடி பிரித்தாள். குத்திய இடத்துக்கு இரண்டாவது ஒட்டு. இந்த முறை தங்கை கரண்டியைப் பிடித்து நகர்த்திக்கொண்டே வர, அவள் தைத்துக்கொண்டே போனாள். கடைசித் தையலுக்கு முன் கரண்டியை உருவினார்கள். முக்கிப் பார்த்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. இருவரும் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பத்துப் பவுண்டு வைத்து, சீட்டில் எழுதி, பந்தைத் துடைத்து நாற்காலிமேல் வைத்தாள். அன்று இரவுச் சாப்பாடு வெறும் ரொட்டிதான். தங்கை முணுமுணுத்துக்கொண்டே இரண்டு அதிகமாகவே சாப்பிட்டாள்.

காலையில் கேஜை வைத்தபோது முள் ஒன்பதரையில் நின்றது. அளக்கும்போது ஊசி வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

ஸ்டோர்க்காரர் பந்தை வாங்கி முதலில் கட்டைவிரலால்தான் அழுத்தினார். தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவரே கேஜைச் சொருகிப் பார்த்தார். சொருகும் முன் ஊசியை நனைக்க வேண்டும் என்று சிஸ்டர் கிளிசரினை நீட்டியபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

“நேத்து ராத்திரி நான் சரியாத் தூங்கல” என்றார் சம்பந்தமில்லாமல். “எங்க அப்பா ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தார், எழுந்திரிக்கல. அவருக்கு அப்போ என்னைவிட ரெண்டு வயசு கம்மி. டாக்டர் ஏதாவது சொல்லிடுவாரோன்னுதான் போகல சிஸ்டர்.”

“சொல்லட்டும் சார். சொன்னாத்தானே அடைக்கலாம்.”

பதினொரு மணிக்கு அவர் ஸ்டோரைப் பூட்டினார். வேலை நேரத்தில் அந்தப் பூட்டு தொங்கி யாரும் பார்த்ததில்லை. டாக்டர் அரைமணி நேரம் பார்த்து, மாத்திரை எழுதி, இதயப் பரிசோதனைக்கும் அனுப்பினார். நல்லவேளையாக இதயத்துக்குச் சேதமில்லை. இரண்டு மாதத்தில் அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. உப்பைக் குறைத்ததில்தான் அவருக்குப் பெரிய வருத்தம். “சாப்பாடு காகிதம் மாதிரி இருக்கு” என்று தினமும் வந்து சொல்வார். சொல்லிவிட்டுத் தானாகவே கையை நீட்டுவார்.

பந்துப் பலகை சூளைச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாறியது. கம்ப்ரசர் ஊசி ஒரு ஆணியில் தொங்க, கைப்பம்பும் கேஜும் கிளிசரின் பாட்டிலும் பலகைக்கு வந்தன. ஆட்டத்துக்கு முன் அளக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் வெயிலில் போடக் கூடாது என்று ஸ்டோர்க்காரர் அட்டையில் எழுதி மாட்டினார். கீழே, ‘கட்டைவிரலால் அளக்கக் கூடாது’ என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

ஸ்டோர்க்காரரே கை நீட்டுகிறார் என்றதும் சூளை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மின்விசிறிக்கு வந்தவர்களையும் சிஸ்டர் விடவில்லை. அறுபத்து மூன்று பேரில் பதினொரு பேருக்கு அழுத்தம் கூடியிருந்தது. ஒன்பது பேருக்கு அது அதுவரை தெரியாது. அவள் மேலாளரிடம் நேராகப் போய் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வர வேண்டும் என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றார். அடுத்த வாரம் மறுபடி போய் நின்றாள். அதற்கு அடுத்த வாரமும். நான்காவது தடவை அவளைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் சம்மதித்துவிட்டார்.

பிறகு வீணாய்ப்போன பந்துகள் கிடந்த அந்தச் சாக்கு. வேலை முடிந்து அரைமணி நேரம், ஸ்டோர்க்காரரும் சிஸ்டரும் ஒவ்வொரு பந்தாக எடுத்துத் தொட்டியில் முக்கினார்கள். சிலவற்றுக்குத் துளை ரப்பரை மாற்ற வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு ஒட்டு. நான்கு பந்து எதற்கும் மசியவில்லை. ஆறு பந்து உயிர் பிழைத்தது. ஆறையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது, பேக்கிங் பிரிவிலிருந்து மூன்று பெண்கள் ஸ்டோர் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி மற்றவளை முழங்கையால் இடித்தாள். கடைசியில் நடுவில் இருந்தவள்தான் வாயைத் திறந்தாள்.

“அத்தனை பந்து இருக்காமே. எங்களுக்கு ஒண்ணு கிடைக்குமா சார்?”

“எதுக்கு?” என்று கேட்டார் ஸ்டோர்க்காரர்.

“பந்தை எதுக்குக் கேட்பாங்க. உதைக்கத்தான்.”

அவர் சிஸ்டரைப் பார்த்தார். பிறகு பேரேட்டைத் திறந்து, ‘பேக்கிங் பிரிவு, பந்து இரண்டு’ என்று எழுதினார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாரி திரும்பும் இடத்தில் ஒரே சத்தமாக இருந்தது. ஓடும்போது செருப்பு கழன்று பறந்தது. யார் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. ஆண்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று யோசனை சொன்னார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. சிஸ்டர் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், எங்க பக்கம் ஒரு ஆள் குறையுது. வந்து கோல்ல நில்லுங்க.”

“எனக்கு அம்பத்தொண்ணு ஆகுதும்மா.”

“நின்னா போதும். ஓட வேண்டாம்.”

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் கதவின் கையில் கொடுத்துவிட்டு, உடைந்த ஓடுகளுக்கு நடுவில் போய் நின்றாள். முதல் பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதைப் பிடித்தாள்.